பெயர் போட்ட உடையும் போனஸ் பணமும்

ஊரை விட்டு வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு ஜவுளிச் செலவு என்பது வெறும் செலவன்று. இங்கே பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் பிள்ளைகள் தம் தோழர்களின் நடுவே குறைவு தோன்றாதபடி உடுத்த வேண்டும். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு வேட்டியும் சேலையும் அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஏறி ஊர்ப்பக்கம் போகும்போது, “வடக்கே போனாலும் நன்றாக இருக்கிறார்கள்” என்று நாலு பேர் சொல்லும்படி நடந்துகொள்ளவும் வேண்டும். இத்தனையும் ஒரே பணத்தில் நடந்தேற வேண்டும்.

எங்களைப் போன்ற ரயில்வே சிப்பந்திகளுக்கு அந்தப் பணம் போனஸ் பணமேயாகும். 2025-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட போனஸ் 78 நாள் ஊதியம். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆயினும் மாதம் 7,000 ரூபாய் என்னும் வரம்பை வைத்துக் கணக்கிடுவதால், கைக்கு வருவது அதிகமாகப் போனால் 17,951 ரூபாய். இதற்குள் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை அனைவருக்கும் புத்தாடை ஆக வேண்டும்.

இந்தக் கணக்கில் அண்மைக் காலத்தில் புதிய வரவு ஒன்று சேர்ந்துள்ளது. நம் பிள்ளைகள் ‘டிசைனர் உடை’ கேட்கிறார்கள். இலட்சக்கணக்கில் விலை சொல்லும் ஆடை வடிவமைப்பாளர்கள், எல்லோரும் போய்வரும் ஆயத்த ஆடைக் கடைகளுடன் கூட்டுச் சேர்ந்து, தம் பெயரிலேயே சில ஆயிரம் ரூபாய்க்கு உடைகளை வெளியிடுகிறார்கள். அதைத்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள். அது நல்லதா, அல்லாததா என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல இயலாது. அதன் உட்பொருளை அறிந்துகொண்டால் நம் பணத்திற்கு நியாயம் செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கூட்டு வெளியீட்டின் கதை

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. பாரிசில் புகழ்பெற்ற பியர் கார்டின் 1959-இல் பிரந்தாம் என்னும் பேரங்காடிக்காக ஆயத்த ஆடைகளை வடிவமைத்தார். செல்வச் சீமாட்டிகளுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பவர் கடைத்தெருவுக்கு வருவதா என்று அவருடைய துறையினரே அன்று முகம் சுளித்தனர். அமெரிக்காவில் ஹால்ஸ்டன் என்பவர் 1983-இல் ஜே.சி. பென்னி என்னும் நடுத்தர மக்களின் கடைக்கு உடைகள் செய்து கொடுத்தார். உடனே பெர்க்டார்ஃப் குட்மன் என்னும் உயர்தரக் கடை அவருடைய சரக்கை விற்பதை நிறுத்திவிட்டது. ஏழைக்கும் எட்டினால் பணக்காரருக்குக் கசந்துவிடும் என்பது அக்காலத்து நியதி.

அந்த நியதியை மாற்றிக் காட்டியது சுவீடன் நாட்டு நிறுவனமாகிய எச் அண்டு எம். 2004 நவம்பரில் கார்ல் லாகர்ஃபெல்ட் வடிவமைத்த உடைகளை அது விற்பனைக்கு வைத்தபோது, பல நகரங்களில் சில மணி நேரத்திலேயே சரக்குத் தீர்ந்தது. 2011 செப்டம்பரில் இத்தாலியின் மிசோனி நிறுவனத்தின் உடைகளை அமெரிக்காவின் டார்கெட் கடைகள் வெளியிட்டன. வாங்க விரும்பியோர் ஒரே நேரத்தில் மொய்த்ததில் அந்த நிறுவனத்தின் இணையதளமே முடங்கிப்போயிற்று.

நம் நாட்டுக்கு இவ்வழக்கம் வந்தது அண்மையில்தான். எச் அண்டு எம் 2015 அக்டோபரில் தில்லி சாகேத்தில் தன் முதற் கடையைத் திறந்தது. ஜப்பானிய நிறுவனமாகிய யூனிக்லோ 2019 அக்டோபரில் தில்லிக்கு வந்தபோது, ரீனா சிங் என்னும் இந்திய வடிவமைப்பாளரின் குர்தாக்களையும் உடன் கொண்டு வந்தது. 2021 ஆகஸ்டு 12-ஆம் நாள் கொல்கத்தாவின் சவ்யசாசி முகர்ஜியும் எச் அண்டு எம்மும் சேர்ந்து வெளியிட்ட உடைகள் நாடெங்கும் பேசப்பட்டன. அவற்றுள் ஒரு சேலையின் விலை 9,999 ரூபாய். அவருடைய மணக்கோல உடைகளின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. எங்களுடைய போனசோடு ஒப்பிட்டால் பாதிக்கும் மேல். ஆயினும் நிமிடக் கணக்கில் பல உருப்படிகள் விற்றுத் தீர்ந்தன. 2025 செப்டம்பரில் அனாமிகா கன்னாவும் இதே நிறுவனத்துடன் சேர்ந்து உடைகளை வெளியிட்டார்.

சவ்யசாசியின் வெளியீட்டை ஒட்டி ஒரு வழக்கும் எழுந்தது. அது நீதிமன்றத்து வழக்கன்று, மனச்சாட்சியின் வழக்கு. கைவினைஞர் நலனுக்காக உழைக்கும் அமைப்புகள் சேர்ந்து அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. இந்தியக் கைவினையின் சாயலைக் காட்டி விற்கும் உடைகள் இந்தியக் கைவினைஞரின் கையால் ஆக்கப்படவில்லையே; அவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டிய வாய்ப்பு நழுவியதே என்பது அவர்களுடைய முறையீடு. இந்திய வடிவமைப்பை உலக அரங்கில் நிறுத்துவதே தம் நோக்கம் என்று அவர் விடை கூறினார். இரு பக்கத்திலும் பொருள் இருக்கிறது. கடையில் நிற்கும் நாமும் அவ்விரண்டையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

விலை ஏன் குறைகிறது?

இலட்ச ரூபாய் உடையை ஆக்கியவரே ஆறாயிரத்துக்கு எப்படிக் கொடுக்கிறார்? சூழ்ச்சி ஒன்றுமில்லை. வடிவமைப்பாளர் சித்திரத்தையும் வெட்டையும் நிறத்தையும் தருகிறார். தம் பெயரையும் தருகிறார். அதற்கு உரிய தொகையைப் பெற்றுக்கொள்கிறார். உடையை ஆக்குவது கடை நிறுவனத்துக்குத் தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலைகள். அவருடைய பட்டறையில் பட்டு இருந்த இடத்தில் இங்கே விஸ்கோசும் பாலியெஸ்டரும் வரும். கையால் பூத்தையல் போட்ட இடத்தில் இயந்திர அச்சு வரும். ஒன்றொன்றாக வெட்டுவது போய் அடுக்கடுக்காக வெட்டுவது வரும். ஆகவே நமக்குக் கிடைப்பது அவருடைய எண்ணம். அவருடைய பட்டறையின் கை நமக்குக் கிடைப்பதில்லை.

மற்றொன்றையும் அறிதல் நலம். இவ்வுடைகளைக் குறைந்த அளவிலேயே செய்கிறார்கள். “தீர்ந்துவிட்டது” என்னும் சொல்லைப் போன்ற விளம்பரம் வேறில்லை அல்லவா? வரிசையில் நிற்பவரைக் கண்டு மேலும் பலர் கடைக்குள் வருவர். வந்தவர் வெறுங்கையுடன் திரும்பாமல் வேறு ஏதேனும் வாங்கிச் செல்வர். அவசரம் என்பது அங்கே வேண்டுமென்றே உண்டாக்கப்படும் சரக்கு.

பெயரின் வலிமைக்கு நம் ஊர்த் துணியே பழைய சான்று. சாயம் நில்லாத ‘மெட்ராஸ்’ கட்டத் துணியை 1960-களில் அமெரிக்காவில் விற்றபோது, சாயம் இறங்குவதே அதன் தனிச்சிறப்பு என்று விளம்பரம் செய்தார்கள். நம் வீட்டில் சாயம் போனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். பெயர் சேர்ந்துவிட்டால் அக்குறையும் குணமாகிவிடுகிறது.

நண்பருடன் அங்காடியில்

சென்ற தீபாவளிக்குச் சில நாள் முன்னர், எங்கள் அலுவலக நண்பர் ஒருவருடன் தெற்குத் தில்லியின் பேரங்காடி ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தது. நண்பர் அருப்புக்கோட்டைக்காரர். அவருடைய மகள் இங்கே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு வடிவமைப்பாளரின் கூட்டு வெளியீட்டு உடைதான் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். “எனக்குத் துணி தெரியும், மோஸ்தர் தெரியாது. நீங்களும் உடன் வாருங்கள்” என்று நண்பர் அழைத்தார். மூவருமாகப் புறப்பட்டோம்.

குர்தா, கால்சட்டை, துப்பட்டா மூன்றும் சேர்ந்த ஒரு தொகுதியை அப்பெண் எடுத்து வந்தாள். விலை 6,999 ரூபாய். நண்பர் விலைச்சீட்டைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. குர்தாவை வாங்கி உட்புறம் வெளியே வரும்படி திருப்பினார். தையலுக்கென்று உள்ளே விட்டிருந்த துணியை விரலால் அளந்தார். இரு பக்கத்துப் பூக்களும் தையலில் வந்து சேர்கின்றனவா என்று பார்த்தார். சேரவில்லை, பாதிப் பூ முன்பக்கத்திலும், வேறொரு பூவின் பாதி பின்பக்கத்திலும் நின்றன.

“அப்பா, நான் பெயரைக் கேட்கவில்லை. இந்தக் கொடியையும் பூவையும் பாருங்கள். இதைப் போட்டவர் யோசித்துப் போட்டிருக்கிறார். அந்த யோசனை நம் கைக்கு எட்டும் விலையில் வரும்போது அதை ஏன் விட வேண்டும்? அழகான பொருள் பணக்காரருக்கு மட்டும்தானா?” என்றாள் மகள்.

நண்பர் சற்று நேரம் கழித்தே விடை சொன்னார். “அழகை நான் மறுக்கவில்லை அம்மா. உன் தாத்தா முப்பது ஆண்டுக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்து நெய்தார். பாட்டி தார் சுற்றிக் கொடுத்தாள். எத்தனை சேலை நெய்திருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அதில் ஒரு சேலையிலும் அவர் பெயர் கிடையாது. துணிக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுப்பேன். பெயருக்கென்று தனியே எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.”

இருவர் சொன்னதும் உண்மை. நல்ல வடிவம் எளியவருக்கும் எட்ட வேண்டும் என்பது மகளின் நியாயம். கைக்கு உரிய கூலி கையைச் சேர வேண்டும் என்பது தந்தையின் நியாயம். இவ்விரண்டையும் 17,951 ரூபாய்க்குள் எப்படிப் பொருத்துவது என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

துணியைத் திருப்பிப் பாருங்கள்

அன்று நண்பர் துணி பார்த்த முறையிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவை எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும்.

முதலில், கழுத்தின் பின்புறத்துச் சீட்டை விட்டுவிட்டு, பக்கத் தையலுக்குள் இருக்கும் சிறு சீட்டைப் படியுங்கள். பெயர் கழுத்தில் இருக்கும். உண்மை பக்கத்தில் இருக்கும். பருத்தி எத்தனை விழுக்காடு, பாலியெஸ்டர் எத்தனை, எந்த நாட்டில் ஆக்கியது, வீட்டில் துவைக்கலாமா, சலவைக் கடைக்குத்தான் கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் அதில் காணப்படும். சலவைக் கடைக்கே போக வேண்டிய உடைக்கு, விலைச்சீட்டில் காணாத விலை ஒன்று ஆண்டு முழுவதும் தொடர்ந்து வரும்.

இரண்டாவதாக, உடையின் உட்புறத்தைப் பாருங்கள். உள்ளே துணி தாராளமாக விட்டிருந்தால் பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாம், தங்கைக்கும் ஆகும். விளிம்பை ஒட்டித் தைத்திருந்தால் அந்த வசதி இல்லை. காஜா நெருக்கமாக இருக்கிறதா, ஜிப் தடையின்றி ஓடுகிறதா என்றும் பார்க்கலாம்.

மூன்றாவதாக, எந்த உருப்படியில் வடிவமைப்பாளரின் எண்ணம் மிகுதியாகவும் தையல் குறைவாகவும் இருக்கிறது என்று யோசியுங்கள். இதுவே அன்று நாங்கள் கண்ட முக்கியமான செய்தி. மேல்சட்டையும் குர்தாவும் நன்றாக அமைவது வெட்டாலும் தையலாலும் துணியாலும். விலையைக் குறைக்க நிறுவனம் கைவைப்பதும் அவற்றிலேயே. துப்பட்டா, கழுத்துத் துணி, கைப்பை போன்றவற்றில் பூவேலையின் அழகு முழுவதும் கிடைத்துவிடும். தையலில் ஏமாற இடமில்லை. அளவு பற்றிய தொல்லையும் இல்லை. உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் துப்பட்டா துப்பட்டாவே.

நான்காவதாக, வரியையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடை ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை இருந்தால் 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடும் வரி. 6,999 ரூபாய்த் தொகுதியின் விலைக்குள் ஏறத்தாழ 1,067 ரூபாய் வரியாகவே அடங்கியிருக்கிறது.

கை இருக்கும் இடம்

பேரங்காடியிலிருந்து வெளியே வந்து ஐ.என்.ஏ.யில் உள்ள தில்லி ஹாட்டுக்குச் சென்றோம். 1994-இல் தொடங்கப்பெற்ற இச்சந்தையில் பல மாநிலத்துக் கைவினைஞர்களும் நெசவாளர்களும் தவணை முறையில் கடை வைக்கிறார்கள். எல்லாக் கடையிலும் ஆக்கியவரே உட்கார்ந்திருக்கிறார் என்று கொள்ள வேண்டாம். வாங்கி விற்போரும் உண்டு. தறியைப் பற்றி நான்கு கேள்வி கேட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். நண்பர் பாவு, ஊடை, நூல் நம்பர் என்று கேட்கத் தொடங்கியதும் ஒரு கடைக்காரர் முகம் மலர்ந்து மடித்து வைத்திருந்த துணிகளை எல்லாம் பிரித்துப் போட்டார். தாத்தாவின் தொழிலைத் தெரிந்தவர் ஒருவர் ஆயிரம் கல் தொலைவில் இருப்பதைக் கண்டு மகளும் அருகே வந்து உட்கார்ந்தாள்.

கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்பதும் உண்டு. அதற்காகவே 2006 முதல் கைத்தறி முத்திரை வழங்கப்படுகிறது. தரத்தை உறுதிப்படுத்தும் ‘இந்தியா ஹேண்ட்லூம்’ முத்திரை 2015 ஆகஸ்டு 7-ஆம் நாள், முதல் தேசியக் கைத்தறி நாளன்று, சென்னையில் தொடங்கப்பெற்றது. பட்டுக்கு ‘சில்க் மார்க்’ உண்டு. 1935-இல் தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸ் 2010-களில் தன் பட்டுச் சேலைகளுடன், நெய்தவரின் பெயரும் படமும் தாங்கிய அட்டையை இணைத்து விற்றதுண்டு. வடிவமைப்பாளர் பெயரைத் தேடும் கண் அந்தப் பெயரையும் தேடுமானால், நண்பருடைய மனக்குறைக்கு ஓரளவு மருந்து கிடைக்கும்.

சரோஜினி நகர்ச் சந்தையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆடைகளில் மிஞ்சியதும் கழித்ததும் அங்கே குவியலாக விற்கும். சீட்டைக் கத்தரித்திருப்பார்கள். அக்குவியலில் நம் திருப்பூரில் பின்னிய பனியன் துணியும் இருக்கலாம். அங்கே பெயரைத் தேடாமல் துணியைத் தேடுங்கள். சீட்டு ஒட்டியதாலேயே நம்பி வாங்குவோருக்கென்று போலிச் சீட்டுகளும் உலவுகின்றன.

கணக்கு

அன்றைய முடிவு இது. மகள் விரும்பிய பூவேலை அதே வடிவமைப்பாளரின் துப்பட்டா ஒன்றிலும் இருந்தது. தனியாக விலை 1,499 ரூபாய். அதை வாங்கினோம். அதன் நடுவில் ஓடிய மருதோன்றிப் பச்சைக்கு இசைவாக, தில்லி ஹாட்டில் கைத்தறிப் பருத்தித் துணி மீட்டர் 360 ரூபாய் வீதம் இரண்டரை மீட்டர் எடுத்தோம், 900 ரூபாய். தையற்கூலி 500. ஆக மொத்தம் 2,899 ரூபாய். கால்சட்டை வீட்டில் இருந்த வெள்ளையே பொருந்திற்று. 6,999 ரூபாயோடு ஒப்பிட மிச்சம் 4,100 ரூபாய். அதில் பாட்டிக்கு ஒரு நூற்சேலையும் தாத்தாவுக்கு வேட்டியும் துண்டும் ஆயின.

மகள் மனநிறைவுடன் ஒப்புக்கொண்டாளா என்று கேட்பீர்கள். துப்பட்டாவை மட்டும் எடுத்தபோது அவள் முகம் வாடியது உண்மை. துணிக்கடையில் உட்கார்ந்து அதற்கு இசைந்த நிறத்தைத் தானே தேடத் தொடங்கிய பிறகு வாட்டம் தெரியவில்லை. அவள் தோழிகள் உடையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதே உடையைப் பொங்கலுக்கும் உடுத்தி வந்தாள் என்பது மட்டும் தெரியும்.

கடைசியாகச் சில சொல்

கூட்டு வெளியீட்டு உடை வாங்க விரும்புவோர் வெளியீட்டு நாளின் நெரிசலில் முந்த வேண்டியதில்லை. சில வாரம் பொறுத்தால் விற்காத உருப்படிகள் தள்ளுபடிக்கு வருவதுண்டு. நடுத்தர அளவுகள் முன்னரே போயிருக்கும். மிகச் சிறியதும் மிகப் பெரியதும் மிஞ்சியிருக்கும். அப்போதும் துப்பட்டாவுக்கு அத்தொல்லை இல்லை. தள்ளுபடிச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கட்டுமுன் கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தீர்ந்துபோன உடையை இணையத்தில் இரட்டை விலைக்கு மறுவிற்பனை செய்வோரிடம் போகவே வேண்டாம்; அசல் எது, போலி எது என்று அங்கே துணியைத் திருப்பிப் பார்க்க வழியில்லை.

பிள்ளைகளிடம் “நமக்கெதற்கு இதெல்லாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்ல வடிவத்தை விரும்பும் கண் நல்ல கண்தான். அந்தக் கண்ணைக் கடைக்கு உடன் அழைத்துச் சென்று, துணியைத் தொட்டுப் பார்க்கும் விரலையும் சேர்த்துக் கொடுப்பதே பெற்றோர் செய்யத்தக்கது. எண்ணத்துக்கு விலை கொடுக்கும் இடத்தில் எண்ணத்துக்குரிய விலையைக் கொடுப்போம். கைக்கு விலை கொடுக்க விரும்பினால், கை இருக்கும் இடம் தேடிப் போவோம். உடையில் எவர் பெயர் இருந்தாலும், செலவுக் கணக்கு நம் வீட்டு நோட்டில் நம் பெயரில்தான் எழுதப்படுகிறது.